அப்பாவின் மறதிக்குப் பொடி தேடும் முன் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

திருமங்கலம் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கடிதம் நீளமானது, அதன் சாரம் இதுதான்.

அப்பாவுக்கு 67 வயது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்குப் பார்த்தவர். மல்லி, பிச்சி, முல்லை என்று மூட்டை மூட்டையாக எடை போடும்போதே எந்த விவசாயிக்கு எத்தனை கிலோ, அன்றைக்கு என்ன விலை, வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிக்கணும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிட்டு அப்புறம்தான் நோட்டை எடுப்பாராம். எட்டு மாதமாக ஆளே மாறிவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமாகிறது, ஒரு கூட்டலை ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுகிறார், முகத்தில் சிரிப்பும் இல்லை கோபமும் இல்லை. நடை சின்னச் சின்ன அடியாகிவிட்டது. சட்டைப் பொத்தான் போட மகள் உதவ வேண்டியிருக்கிறது. கீழுதடு லேசாக நடுங்குகிறது, காலையில் பார்த்தால் தலையணை எச்சிலில் நனைந்திருக்கிறது. ஆனால் நேற்று யார் வீட்டுக்கு வந்தார்கள் என்று கேட்டால், மெதுவாகவே என்றாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார்.

பக்கத்து டாக்டர் "வயசாச்சுல்ல" என்றிருக்கிறார். சித்தப்பா "அல்சைமர்தான்" என்கிறார். அண்ணன் நிறைய வீடியோ பார்ப்பவர் போல. "நாள் பூரா போன் பார்த்துப் பார்த்து அப்பாவோட டோபமைன் ரிசெப்டர் தேஞ்சு போச்சு" என்று முடிவு கட்டி, போனைப் பிடுங்கி, டிவி இணைப்பையும் நிறுத்தி, கீழமாசி வீதியில் பூனைக்காலி விதைப் பொடி வாங்கி வந்து காலையும் இரவும் பாலில் கலந்து கொடுக்கிறார். இரண்டு மாதமாக இது நடக்கிறது. கூடவே ஆன்லைனில் வரவழைத்த ஞாபகசக்தி கேப்ஸ்யூல் ஒன்று. ஞாபகம் முழுசாகப் போவதற்குள் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடணும் என்ற பேச்சும் ஆரம்பித்திருக்கிறது. வாசகியின் கேள்விகள்: ரிசெப்டர் தேய்ந்தது நிஜமா, மறுபடி வளருமா? டோபமைன் ரத்தப் பரிசோதனை செய்யலாமா? பூனைக்காலி நல்லதா? பத்திர விஷயத்தில் என்ன செய்ய?

கடிதத்தோடு அப்பா சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். இப்படி எல்லாரும் செய்தால் எங்கள் வேலை பாதி குறையும்.

சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் அப்பாவை நேரில் பார்க்கவில்லை, கையை மடக்கி இறுக்கம் பார்க்கவில்லை, நடக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. அதனால் கீழே எழுதுவதை நோயின் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கே தேட வேண்டும் என்று காட்டுவதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் போட்டோவில் நான்கு அட்டைகள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிபிக்கு அம்லோடிபின், இந்த இரண்டும் இருக்கட்டும். மூன்றாவது, "கேஸ் மாத்திரை" என்று நீங்கள் எழுதியிருக்கும் கேப்ஸ்யூல். அட்டையின் பின்பக்கம் ரபிப்ரசோல், லெவோசல்பிரைடு என்று இரண்டு மருந்துப் பெயர்கள் இருக்கின்றன. ஒன்றரை வருடமாக, டாக்டர் சீட்டு இல்லாமலே மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டி வாங்குகிறீர்கள். நான்காவது, தலைசுற்றலுக்கு இரவில் போடும் சின்னரிசின். போன தீபாவளிக்கு முன்னால் தலைசுற்றி வாசல்படியில் விழுந்ததிலிருந்து இதுவும் நிற்கவில்லை.

உங்கள் அண்ணன் ரிசெப்டரைச் சந்தேகப்பட்டது தப்பில்லை. என் சந்தேகமும் அங்கேதான் போகிறது. ஆனால் போனை விட்டுவிட்டு, இந்த மூன்றாவது, நான்காவது அட்டைகளைத்தான் நான் பார்க்கிறேன்.

டோபமைனும் மனக்கணக்கும்

டோபமைனை "மகிழ்ச்சி ஹார்மோன்" என்று சொல்லிச் சொல்லி அதன் மற்ற வேலைகளையெல்லாம் மறக்கடித்துவிட்டார்கள். நடுமூளையில் இருக்கும் கொஞ்சம் செல்கள் அதைத் தயாரித்து மூளையின் பல பகுதிகளுக்கு அனுப்புகின்றன. போய்ச் சேரும் இடத்தில் அதை வாங்கிக்கொள்ளும் புரதங்களைத்தான் ரிசெப்டர், தமிழில் ஏற்பி, என்கிறோம். மனிதனுக்கு ஐந்து வகை, டி1 முதல் டி5 வரை. டி1-ம் டி5-ம் ஒரு குடும்பம், செல்லுக்குள்ளே ஒரு சமிக்ஞையைக் கூட்டிவிடும். டி2, டி3, டி4 இன்னொரு குடும்பம், அதே சமிக்ஞையைக் குறைக்கும். ஒரே டோபமைன், ஆனால் எந்த ஏற்பியில் போய் உட்காருகிறது, மூளையின் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும். அதனால்தான் "டோபமைனைக் கூட்டுங்க" என்ற அறிவுரைக்கு மருத்துவத்தில் பெரிய அர்த்தம் கிடையாது.

உங்கள் அப்பா பதினாலரைக் கிலோ மல்லியை மனதில் பிடித்து வைத்துக்கொண்டே அன்றைய விலையால் பெருக்கி, முன்பணத்தைக் கழித்தார் அல்லவா, சில விநாடிகளுக்கு ஒரு விஷயத்தை மனதில் பிடித்து வைத்து அதோடு வேலை செய்யும் இந்தத் திறமைக்குச் செயல் நினைவு என்று பெயர். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் இதற்குப் பிரதானம். 1979-ல் அமெரிக்காவில் பட்ரீஷியா கோல்ட்மன் இருந்த குழு குரங்குகளை வைத்து ஒரு சோதனை செய்தது (பின்னாளில் கோல்ட்மன்-ராக்கிச் என்று அறியப்பட்டவர் அவர்). போன தடவை இடப்பக்கம் எடுத்திருந்தால் இந்தத் தடவை வலப்பக்கம் எடுக்கணும், இதைச் சில விநாடி நினைவு வைத்தால்தான் குரங்குக்குத் தீனி கிடைக்கும். நெற்றிப் பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் டோபமைனை மட்டும் வற்ற வைத்தார்கள். அந்தப் பகுதியையே வெட்டி எடுத்த குரங்கு எவ்வளவு தடுமாறுமோ ஏறக்குறைய அவ்வளவு தடுமாறியது. டோபமைன் வேலையைச் செய்யும் மருந்தைக் கொடுத்ததும் இழந்த திறமை திரும்பி வந்தது. 1991-ல் சவாகுச்சியும் கோல்ட்மன்-ராக்கிச்சும் இன்னும் நெருங்கிப் போய், அதே பகுதியில் டி1 ஏற்பியை மட்டும் மறித்தார்கள். பார்த்த இடத்தை நினைவில் வைக்க முடியாமல் குரங்கு தவறியது.

இதற்கு அப்புறம் வந்த ஆய்வுகள் சொன்ன சங்கதிதான் உங்கள் வீட்டுக்கு ரொம்ப முக்கியம். டி1 தூண்டல் குறைந்தாலும் செயல் நினைவு கெடும், அளவுக்கு மிஞ்சினாலும் கெடும். நடுவில் ஒரு அளவு இருக்கிறது, அங்கேதான் வேலை நடக்கும். மன அழுத்தம் ஏறும்போது நெற்றிப் பகுதியில் டோபமைன் கொட்டி, கணக்கு மறந்துபோவது இந்த இரண்டாவது வகை. பரீட்சை ஹாலில் தெரிந்த விடையே வராமல் போகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள்.

டி2-க்கு வேறு வேலை. மூளையின் அடியாழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்று ஒரு பகுதி, டி2 அங்கே ஏராளம். ஒரு காரியத்தைத் தொடங்குவது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது, எதைச் செய்வது எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பது, கை கால் அசைவு, எல்லாம் இதன் வழியே போகிறது. இங்கே டி2-ஐ மறித்தால் ஆள் மெதுவாகிறார், உடம்பு மட்டும் இல்லை யோசனையும்தான். அப்புறம் ஹிப்போகேம்பஸ், நாள்பட்ட நினைவைப் பதிய வைக்கும் இடம். அங்கே டி1, டி5 ஏற்பிகள் தூண்டப்பட்டால்தான் ஒரு பதிவு சில மணி நேரத்துக்கு மேல் நிலைக்கும் என்று எரிக் கேண்டல் போன்றவர்களின் சோதனைச்சாலைகள் காட்டியிருக்கின்றன. புதுசாக ஒன்றைப் பார்த்தாலோ கேட்டாலோ அது நன்றாகப் பதிவதற்கு டோபமைனும் ஒரு காரணம்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நேற்று வந்தவர் பெயர் மெதுவாகவாவது வந்துவிடுகிறது என்று எழுதினீர்களே, போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரியில்தான் நான் நின்றேன். அல்சைமரில் பொதுவாகப் பதிவே விழாது, வந்துபோனதே நினைவிருக்காது, பெயரின் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தாலும் பலன் குறைவு. உங்கள் அப்பாவிடம் பதிவு இருக்கிறது, எடுத்து வருவது தாமதம். அதோடு குறுகிய நடை, அசையாத முகம், எச்சில், உதடு நடுக்கம் எல்லாம் சேரும்போது பார்க்கின்சன் (நடுக்குவாதம்) போன்ற ஒரு நிலை நினைவுக்கு வருகிறது. அது பார்க்கின்சன் நோயாகவும் இருக்கலாம், மருந்தால் வந்ததாகவும் இருக்கலாம்.

கேஸ் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது

லெவோசல்பிரைடு, சல்பிரைடு என்ற மனநல மருந்தின் ஒரு பாதி வடிவம். டி2 ஏற்பியை மறிப்பதுதான் அதன் தொழிலே. வயிற்றிலும் டி2 இருக்கிறது, அதை மறித்தால் இரைப்பை சுறுசுறுப்பாகக் காலியாகும், உப்புசமும் குமட்டலும் குறையும். அதனால் ரபிப்ரசோல், பான்டப்ரசோல் மாதிரி அமில மருந்தோடு சேர்த்து ஒரே கேப்ஸ்யூலாக விற்கிறார்கள். அதைச் சாப்பிடுகிற பல பேருக்கு இரண்டு மருந்து சாப்பிடுகிறோம் என்றே தெரியாது. கொஞ்ச நாளைக்குக் கொடுத்து நிறுத்தினால் உபயோகமான மருந்துதான், நான் அதைத் திட்டவில்லை. ஆனால் அது வயிற்றோடு நின்றுவிடுவதில்லை, மூளைக்குள்ளும் போகிறது. பெரும்பகுதி சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியது, 67 வயதில் சர்க்கரையும் உள்ளவருக்கு அந்த வேகம் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றரை வருடம் தினமும் என்றால் நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சின்னரிசினைத் தலைசுற்றல் மாத்திரை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அதுவும் டி2-ஐ ஓரளவு மறிக்கும். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கிற ஃப்ளூனரிசினும் அதன் சொந்தக்காரர். வயதானவர்களுக்கு இரண்டையும் மாதக்கணக்கில் தொடர்ந்து கொடுத்தால் நடுக்கமும் இறுக்கமும் வரலாம் என்பது நரம்பியல் படித்த எல்லாருக்கும் தெரிந்த பழைய பாடம். உங்கள் அப்பாவுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் போயிருக்கின்றன.

இது உடம்பை மட்டும் பாதிக்கும், புத்தியைத் தொடாது என்று நினைக்க வேண்டாம். 1999-ல் மேத்தாவும் ராபின்ஸும் அவர்களோடு இருந்தவர்களும் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு சல்பிரைடு கொடுத்துப் பரிசோதித்தார்கள். திட்டமிடுவது, இடங்களை நினைவு வைப்பது போன்றவற்றில் அவர்கள் தடுமாறிய விதம் பார்க்கின்சன் நோயாளிகளின் தடுமாற்றத்தை ஒத்திருந்தது. அங்கே கொடுத்த அளவு கேஸ் மாத்திரையில் இருப்பதைவிட அதிகம், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர்கள் இளைஞர்கள், தேய்மானம் இல்லாத மூளை. வயது ஏற ஏற எல்லாருக்குமே டி2 ஏற்பிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகின்றன, அது இயற்கை. அண்ணன் சொன்ன "தேஞ்சு போச்சு" இந்த அளவுக்கு உண்மை. இருக்கிறதே குறைவு, அதிலும் ஒரு பங்கை மாத்திரை போய் மூடிக்கொண்டால் கணக்குப் பிள்ளைக்குக் கணக்கு தடுமாறத்தான் செய்யும்.

பூனைக்காலி பற்றி

பூனைக்காலியை மூட நம்பிக்கை என்று தள்ளிவிட மாட்டேன். அந்த விதையில் லெவோடோபா இருக்கிறது, மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் அதே பொருள், பார்க்கின்சனுக்கு நாங்கள் எழுதுகிற அதே மருந்து. 1937-லேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் இந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்கள். இன்னொரு வேடிக்கை பாருங்கள். டோபமைனை மூளையின் சொந்தத் தூதுவன் என்று நிரூபித்த ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் 1950-களின் கடைசியில் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார், அவை அசையாமல் உட்கார்ந்துவிட்டன. டோபா ஊசி போட்டதும் எழுந்து நடந்தன. அந்த ரெசர்பின் நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்தது. கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது, கேண்டலும் பால் கிரீன்கார்டும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சரி, அப்படியென்றால் கொடுக்கலாமே என்று அண்ணன் கேட்பார். உங்கள் அப்பா விஷயத்தில் சிக்கலே வேறு. கார்ல்சனின் முயலுக்கு டோபமைன் தீர்ந்து போயிருந்தது, அதனால் டோபா வேலை செய்தது. உங்கள் அப்பாவுக்கு டோபமைன் ஒருவேளை இருக்கலாம், வாங்கிக்கொள்ளும் ஏற்பியைத்தான் மாத்திரை மூடியிருக்கிறது. காதில் பஞ்சை வைத்துவிட்டு எதிரே நின்று சத்தமாகக் கத்துவது போல இது. கத்துவதைக் கூட்டுவதைவிடப் பஞ்சை எடுப்பதுதானே முறை.

கூடவே தீங்கும் உண்டு. பொடியில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்பது விதைக்கு விதை மாறும், கரண்டி அளவை நம்ப முடியாது. நாங்கள் கொடுக்கும் மாத்திரையில் கார்பிடோபா என்று ஒன்றைச் சேர்த்திருப்பார்கள், லெவோடோபா மூளைக்குப் போகும் முன்பே உடம்பில் டோபமைனாக மாறிக் குமட்டலை உண்டாக்காமல் இருப்பதற்காக. பொடியில் அது இல்லை. விளைவு என்ன? குமட்டும், வயிறு பிரட்டும். உடனே என்ன கொடுப்பீர்கள்? இன்னொரு கேஸ் மாத்திரை. நீங்கள் எழுதியதை மறுபடி படியுங்கள், "இப்பல்லாம் ராத்திரியும் ஒரு கேஸ் மாத்திரை கேக்குறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பொடி ஆரம்பித்த பிறகுதானா என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், எழுந்து நிற்கும்போது பிபி சட்டென்று இறங்கலாம், ஏற்கெனவே பிபி மாத்திரை ஓடுகிறது, ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருக்கிறார். சிலருக்கு இல்லாத உருவம் தெரியும், குழப்பம் கூடும். டாக்டரிடம் பொடியைச் சொல்லாமல் மறைத்தால் அவர் கணிப்பும் தப்பாகும். அதனால் இனி அளவைக் கூட்டாதீர்கள், டாக்டரைப் பார்க்கும்போது பொட்டலத்தையே கையில் கொண்டுபோய்க் காட்டி அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். ஆன்லைன் கேப்ஸ்யூல் டப்பாவையும் எடுத்துப் போங்கள், அதில் என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும்.

ரத்தத்தில் டோபமைன் பார்ப்பது வீண் செலவு. ரத்தத்திலிருந்து டோபமைன் மூளைக்குள் போகாது, மூளையில் இருப்பது ரத்தத்தில் தெரியாது. ரத்தம் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் பி12, தைராய்டு, சோடியம், கிரியேட்டினின் பாருங்கள். மெட்ஃபார்மினும் அமில மாத்திரையும் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சகஜம், அதுவும் மறதியைக் கொடுக்கும், ஊசியில் சரியாகும்.

போனைப் பிடுங்கியதும் தேதி கேட்பதும்

"டோபமைன் டிடாக்ஸ்" என்று வீடியோக்களில் சொல்வதற்கு ஒரு மூலம் இருக்கிறது. கோகெய்ன் போன்ற போதைக்கு நீண்ட நாள் அடிமையானவர்களின் மூளையில் டி2 குறைந்திருப்பதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து, மத்தியானம் படுத்துக்கொண்டு பழைய பாட்டு கேட்கிற பெரியவர் வரைக்கும் தாவிவிட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு அது பொருந்தாது. போனும் டிவியும் போன பிறகு அவர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்கிறீர்கள். வேலையை விட்டு வந்தவர், பேச்சும் குறைந்துவிட்டது, புதுசாக ஒன்றும் கண்ணில் படுவதில்லை, ஏற்கெனவே மெதுவாக ஓடும் மூளைக்கு அதைவிடக் கெடுதல் என்ன வேண்டும்? போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ராத்திரி வெகுநேரம் பார்க்காமல் இருந்தால் போதும்.

அண்ணன் சொந்தக்காரர்கள் முன்னால் அப்பாவிடம் தேதி கேட்பது, முதலமைச்சர் யார் என்று கேட்பது, இதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அண்ணன் அக்கறையில்தான் கேட்கிறார், ஆனால் நாற்பது வருடம் கணக்கில் தப்பாதவரை எல்லார் எதிரிலும் தடுமாற வைத்தால் அவமானத்திலேயே வாய் அடைத்துவிடும். மேலே சொன்னேனே, அழுத்தம் கூடினால் நெற்றிப் பகுதி இன்னும் மோசமாக வேலை செய்யும் என்று, அதைத்தான் அண்ணன் தினமும் செய்கிறார். சோதனை வைப்பதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள், அதற்கு ஒழுங்கான முறைகள் இருக்கின்றன.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியது

அடுத்த மாதம் என்று தள்ள வேண்டாம். மதுரையிலேயே நரம்பியல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். செலவு யோசனை என்றால் கோரிப்பாளையம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். எல்லா அட்டைகளையும், பழைய சீட்டுகளையும், பொடியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு தாளில் எந்த மாத்திரை எந்த மாதம் ஆரம்பித்தது, நடை எந்த மாதம் மாறியது என்று இரண்டு வரிசையாக எழுதுங்கள். டாக்டருக்கு எந்த ஸ்கேனையும்விட அந்தத் தாள் முதலில் உதவும். பழைய ஆஸ்பத்திரியில் சிகிச்சைக் குறிப்புகள் இருந்தால் கேட்டு வாங்குங்கள், நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு ஒழுங்குமுறை விதி இருக்கிறது.

டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: "லெவோசல்பிரைடும் சின்னரிசினும் காரணமாக இருக்குமா, நிறுத்தலாமா?" நீங்களாக நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்வது, அந்த மருந்து வேண்டும் என்பதற்காக இல்லை, நிறுத்தும்போது சிலருக்கு வாய், நாக்கு தானாக அசைவது வெளிப்படலாம், அதை ஒருவர் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக. டாக்டரைப் பார்க்க நாலு நாளாகும் என்றால், எழுதிக்கொடுத்த உங்கள் பக்கத்து டாக்டருக்காவது இன்றே போன் செய்து கேட்டுவிடுங்கள். இரவில் கூடுதலாகப் போடுவதை இன்றே விட்டுவிடலாம்.

விழுந்தார் என்று சொன்னீர்களே, அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வயதானவர்கள் தலை லேசாக இடித்த பிறகு வாரங்கள் கழித்து மூளை உறைக்கு அடியில் ரத்தம் மெல்லச் சேர்வதுண்டு. அதிலும் ஆள் மந்தமாவார், நடை தடுமாறும். ஒரு சிடி ஸ்கேனில் தெரிந்துவிடும், வைத்தியமும் உண்டு. கேஸ் மாத்திரைதான் காரணம் என்ற என் ஊகத்திலேயே எல்லாரும் உட்கார்ந்துவிட்டால் இது தப்பிப் போகும். அதோடு மனச்சோர்வும் இப்படி முகம் காட்டும், வேலை விட்டு வந்த ஆண்களிடம் குறிப்பாக.

நடுக்கத்துக்கு என்று யாராவது டிரைஹெக்ஸிபெனிடில் எழுதினால், இந்த வயதில் ஞாபகத்தைக் குழப்பாதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து, அதற்கு மூன்றாவது என்று அட்டைகள் சேருவதைத் தினமும் பார்க்கிறேன். கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்து, நினைவு தடுமாறினால் மட்டும் ஓபிக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அபூர்வம்தான், ஆனால் டி2 மறிக்கும் மருந்துகளில் வரக்கூடிய ஆபத்து.

மருந்தை நிறுத்திய மறுநாளே அப்பா பழையபடி ஆகிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும், ஆறு மாதமும் தாண்டலாம். ஒரு சிலருக்குக் குறையவே குறையாது, அவர்களுக்கு உள்ளே ஏற்கெனவே பார்க்கின்சன் தொடங்கியிருக்கும், மாத்திரை அதை முன்கூட்டியே வெளியே காட்டிவிட்டிருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க டிரோடாட் என்று ஒரு ஸ்கேன் இருக்கிறது, மருந்தால் மட்டும் வந்ததென்றால் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். விலை கூடுதல், எல்லாருக்கும் தேவைப்படாது, பொறுத்துப் பார்த்தாலே பல நேரம் விடை தெரிந்துவிடும். பார்க்கின்சன்தான் என்றாலும் அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்து இருக்கிறது. அதிலும் ஒரு எச்சரிக்கை: டி2, டி3-ஐத் தூண்டும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் வகை மாத்திரைகளில் சிலர் திடீரென்று சீட்டாட்டம், லாட்டரி, தேவையில்லாத கொள்முதல் என்று இறங்கிவிடுவார்கள். ஏற்பியை அதிகமாகத் தட்டினாலும் வம்புதான்.

பத்திர விஷயம்

நான் வக்கீல் இல்லை, அடிப்படையை மட்டும் சொல்கிறேன். மறதி என்ற பேச்சினாலேயே ஒருவருடைய கையெழுத்து உரிமை போய்விடாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12-ம் பிரிவு பார்ப்பது, கையெழுத்திடும் நேரத்தில் அவர் அந்த ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டு, தனக்கு அதனால் என்ன ஆகும் என்று எடைபோட முடிகிறதா என்பதை. உங்கள் அப்பா மெதுவாக யோசிக்கிறார், யோசிக்க முடியாதவர் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. திருப்பிக் கொண்டுவரக்கூடிய ஒரு மந்தத்தில் இருப்பவரிடம் அவசரமாகக் கையெழுத்து வாங்கினால் நாளைக்கு அந்தப் பத்திரத்தையே யாராவது கோர்ட்டில் கேள்வி கேட்கலாம், அது அண்ணனுக்கும்தான் நஷ்டம். மருத்துவம் ஒரு முடிவுக்கு வரட்டும், அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள். பிறகும் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அப்பாவே தனியாக ஒரு வக்கீலிடம் பேசட்டும்.

கடைசியாக ஒன்று. டாக்டர் இது மருந்தால் வந்தது என்று சொன்னால் அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், நீங்களே கூடச் செய்யலாம். மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது, கட்டணமில்லா எண் 1800-180-3024. மருந்துப் பெயர், எத்தனை நாள் சாப்பிட்டார், என்ன ஆனது, நிறுத்திய பிறகு என்ன ஆனது, இவ்வளவு போதும். மெடிக்கலிலும் போய்ச் சொல்லிவிடுங்கள், அப்பா பெயரில் இனி சீட்டு இல்லாமல் அந்தக் கேப்ஸ்யூலைக் கொடுக்க வேண்டாம் என்று.